ஆடியில் பத்திரிகை அடிப்போர் கவனத்துக்கு

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் உண்டு. ஆகவே ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற மாதம் ஆடி. தென்காசிப் பக்கம் அந்த ஆடிக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து, மலையில் கொட்டியது போக மிச்சத்தைச் சாரலாக நம் தலையில் தெளித்துவிட்டுப் போகும். ஐந்தருவியில் நிற்க இடம் கிடைக்காது. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளானாலும் காயாது. அப்பளம் நமத்துப்போகும், தீக்குச்சி உரசினால் மருந்துதான் உதிரும். காகிதம் வாங்க இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை. அதனால்தான் நாம் அப்போது வாங்குகிறோம்.

தென்காசியில் 25 வருடமாக ஒரு சின்ன டி.டி.பி. கடை வைத்திருப்பவன் என்ற தகுதியில், கல்யாணப் பத்திரிகைக்கு விசேஷக் காகிதம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்கிறேன். இதில் உள்ளபடி வரி பிசகாமல் செய்தால் ஒரே கல்யாணத்துக்கு என்னிடம் இரண்டு முறை பத்திரிகை அடிப்பீர்கள்.

முதல் காரியம், காகிதத்தைக் கையால் தொடாதீர்கள். போனில் பாருங்கள். பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு படம் அனுப்பியிருப்பான். பளிங்குத் தரையில் ஒரு பத்திரிகை கிடக்கும், பக்கத்தில் நாலு காப்பிக் கொட்டை, ஒரு காய்ந்த பூ. "இதே மாதிரி வேணும்" என்பான். படத்தில் உள்ள காகிதத்துக்கு எடை இல்லை, ஈரம் இல்லை, விலையும் இல்லை. நகத்தால் சுண்டுவது, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது எல்லாம் அந்தக் காலத்து ஆட்கள் வேலை. கம்பாசிட்டராக இருந்த என் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு தாளைக் காதருகே உதறுவார். சத்தத்தை வைத்தே மேப்லித்தோவா கிரீம் வோவா என்று சொல்லிவிடுவார். அவருக்கு வேறு வேலை இல்லை, உங்களுக்கு மண்டபம் பார்க்கணும், சமையலுக்கு ஆள் பேசணும்.

அடுத்து ஊர். காகிதம் சிவகாசியில்தான் வாங்க வேண்டும், அச்சும் அங்கேதான் போட வேண்டும். அது காய்ந்த பூமி. 1920களில் தீப்பெட்டித் தொழில் அங்கே வேர்பிடித்ததும், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று பின்னாலேயே அச்சுத் தொழில் வளர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஊரில் தாள் கண்ணாடி மாதிரி நிமிர்ந்து நிற்கும். கட்டைப் பிரிக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை கொண்டுவாருங்கள், ஒன்றும் ஆகாது. வாசுதேவநல்லூர் தாண்டும்போது தாளுக்கு ஏதோ வாசனை தட்டும். கடையநல்லூரில் மூலை தூக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது உங்கள் பத்திரிகை ஊர்க்காரனாகவே ஆகியிருக்கும். நூறு கிலோமீட்டர்கூட வராத பயணத்தில் இவ்வளவு மாறுதல் மனிதருக்குக்கூட வருவதில்லை. காகிதம் என்பது செடியின் நார். ஈரத்தைக் கண்டால் குடிக்கும், குடித்தால் உப்பும். கட்டை ஒரு நாள் அப்படியே கடையில் வைத்து, ஊர்க் காற்றுக்குப் பழகவிட்டுப் பிரியுங்கள் என்று நான் சொல்வதுண்டு. யாரும் கேட்டதில்லை. பத்திரிகை வந்த அன்றே மூத்த மாமாவுக்கு ஒன்று வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு கதை.

இன்னொன்று. சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். உங்கள் 400 பத்திரிகையைக் கொண்டுபோக அதைவிட நல்ல நாள் கிடையாது. எல்லோரும் உங்களுக்காகவே காத்திருப்பார்கள்.

இனி கனம். இங்கேதான் குடும்ப கௌரவம் இருக்கிறது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராம் கணக்கில். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். சம்பந்தி வீட்டுப் பத்திரிகை 250 என்றால் நீங்கள் 300 கேளுங்கள், அவர்கள் 300 என்றால் 350. கணக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். விரித்தால் 14 அங்குலத்துக்கு 10 அங்குலம் வருகிற 300 ஜி.எஸ்.எம். அட்டை ஒன்று 27 கிராம். கனமான உறையோடு 40ஐத் தொடும். ஐந்நூறு அடித்தால் 20 கிலோ, அரை மூட்டை சிமென்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள் (வியாபாரி கணக்கு அப்படித்தான் இருக்கும்). அதைப் பையில் போட்டுக்கொண்டு பெண்ணின் சித்தப்பா ஆய்க்குடியிலிருந்து சுரண்டை வரை மொபெட்டில் போவார். அவர் கல்யாணத்தன்று ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

கனமும் தடிமனும் ஒன்றல்ல என்கிற ரகசியத்தையும் சம்பந்தியிடம் சொல்ல வேண்டாம். ஒரே ஜி.எஸ்.எம்.மில் மேப்லித்தோ புசுபுசுவென்று தடியாக இருக்கும், ஆர்ட் பேப்பர் ஒட்டி மெலிந்திருக்கும். ஆர்ட் பேப்பரின் பளபளப்பு அதன்மேல் பூசிய வெள்ளைக் களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும். வெற்றிலையோடு பத்திரிகை வைக்கிறோம், சுண்ணாம்பின் ஒன்றுவிட்ட தம்பி பத்திரிகையிலேயே இருக்கிறான்.

அந்தப் பளபளப்பில்தான் மஞ்சள் தடவப் போகிறீர்கள். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் எந்த வீட்டிலும் கொடுக்கமாட்டோம். (மஞ்சள் பத்திரிகை என்ற நல்ல சொல்லை வம்பு பேசும் ஏடுகளுக்குக் கொடுத்துவிட்டது நம் மொழி செய்த தவறு.) மேப்லித்தோ மஞ்சளை உடனே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ட் கார்டில் அது மேலேயே நிற்கும். காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து வாங்குகிறவரின் வெள்ளைச் சட்டைக்குப் போகும். சாரல் காலத்தில் காயவும் காயாது. ஈர மஞ்சளோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ராத்திரி வைத்துவிட்டால், ஈரம் பட்ட பூச்சு பசையாகி, காலையில் செங்கல்போல ஒரே கட்டாகக் கையில் வரும். ஒரு வீட்டில் அப்படி 60 பத்திரிகை சேர்ந்துகொண்டது. அந்த வீட்டு ஆச்சி, "ஒட்டிக்கிட்டது நல்ல சகுனம்லா" என்றார்கள். நான் ஆமாம் என்றேன். மறு ஆர்டர் 60.

லேமினேஷன் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை. வேறு கவலை வரும். வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், உள்பக்கம் வெறும் காகிதம். உள்பக்கம் ஈரத்தைக் குடித்து நீளும், வெளிப்பக்கம் அசையாது. அட்டை வெளிப்புறமாக வளைந்து, மேசையில் மூடி வைத்த பத்திரிகை தானாகவே வாயைத் திறந்து தங்கள் நல்வரவை நாடும்.

கைக் காகிதம் கேட்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக் காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இருக்கிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்கிற தாள், அழகு என்றால் அழகு. மெய்யாகவே சொல்கிறேன், காகிதத்தில் எனக்கு ஆசை இருப்பது அதன்மேல் மட்டும்தான். சாரலில் லேசாக வளைந்தால்கூட அதற்குக் குறையாகத் தெரியாது, பிறவியிலேயே அப்படி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆஃப்செட்டுக்கு அது ஒத்துவராது, ஸ்கிரீன் பிரிண்டிங் போட வேண்டும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தாளின் பெருமையே வெட்டாத ஓரம், பிய்த்தாற்போல மெல்லிசாக முடியும். மேலகரத்துப் பையன் ஒருவன் ஆசைப்பட்டு 300 அடித்தான். பத்திரிகைக் கட்டை வாங்கிப்போன அன்று சாயங்காலமே அவன் அத்தை கடைக்கு வந்துவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஓரமெல்லாம் எலி கடிச்சாப்ல இருக்கு?"

"அது அப்படித்தாம்மா இருக்கும். அதுதான் அதுக்கு அழகு."

"அழகோ என்னமோ, எலி கடிச்சதைச் சாமிக்கு வைக்க முடியுமா? வெட்டிக் குடுத்துருங்க."

நான் மாட்டேன் என்றேன். வீட்டில் ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து கத்தரிக்கோலால் 300-ஐயும் நேராக வெட்டியிருக்கிறார்கள். கைக் காகிதத்தை அவ்வளவு பேர் கையும் பட்டுத் தயாரித்தது அங்கே மட்டும்தான் இருக்கும்.

விதைக் காகிதம் என்று ஒன்று வந்திருக்கிறது. கூழில் துளசி விதையோ சாமந்தி விதையோ கலந்திருப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் பத்திரிகையைக் கிழித்துத் தொட்டியில் போட்டால் முளைக்குமாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. குற்றாலச் சாரலில் முகூர்த்தம் வரை அது பொறுமையாக இருக்கும் என்பதற்கு நான் ஜவாபுதாரி அல்ல.

பட்டர் பேப்பரை மேலே ஒரு திரைபோல மூடி, அதன் வழியே பெயர்கள் மங்கலாகத் தெரிகிற மாதிரி கேட்பார்கள். அல்வா தின்கிற நாட்டில் அந்தத் தாள் எதைச் சுற்றி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையைப் பிரித்ததும் மேல்தாளை உருவித் தூரப் போட்டுவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் கல்யாண மண்டபத்தின் பெயரை அந்த மேல்தாளில்தான் அச்சடித்திருப்பீர்கள்.

ஓலைச்சுவடிப் பத்திரிகையும் உண்டு. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை ஓலையில் எழுதினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். நீங்கள் ஓலையில் எழுதினால் கண்ணாடி எங்கே என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இதே குற்றாலத்தில் இருந்துகொண்டு ரசிகமணி டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாகவே வந்தன. அது எத்தனை ஜி.எஸ்.எம். தாள் என்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மடிப்பைப் பற்றி அச்சகத்தில் கேட்டுவிடாதீர்கள், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். வாழை இலை நரம்போடு கிழியும், குறுக்கே கிழிக்க வராது. தாளுக்கும் அப்படி நார் ஓடுகிற திசை உண்டு, கிரெய்ன் என்பார்கள். அந்த வாக்கில் மடித்தால் மடிப்பு படியும். குறுக்கே மடித்தால் மேல்பூச்சு வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அரக்குச் சிவப்பு அட்டை என்றால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். கனத்த அட்டைக்கு முதலில் கிரீஸிங் போட்டுக் கோடு அமுக்கிவிட்டு மடிப்பது முறை. அதற்கு ஆகிற காசை மிச்சம் பிடித்து இன்னொரு பிள்ளையார் படத்துக்கு ஃபாயில் ஒட்டிக்கொள்ளலாம்.

விறைப்பைச் சோதிக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இந்த ஊரில் இலவசமாக ஒரு கருவி இருக்கிறது. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம். 1990இல் குடமுழுக்கு ஆனது. உள்ளே நுழையும்போது மலைக்காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும், தாண்டி நாலடி வைத்தால் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளும். மாதிரித் தாளை ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கே நில்லுங்கள். மடங்கினால் மெலிசு. படபடத்தால் நடுத்தரம். உங்களையே இழுத்துக்கொண்டு போனால் 350 ஜி.எஸ்.எம்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. எங்கள் பக்கம் பல பேருக்குச் சாஸ்தாதான். கோயில் குளத்தங்கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும், மழை வெயிலுக்கு மறைப்பு இருக்காது. பீடத்தில் வைத்து ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வருவார்கள். பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது நான் அந்தக் கல்லடிகளைக் கவனிப்பேன், தொழில் புத்தி. மேப்லித்தோவில் அடித்தது மண்ணோடு போயிருக்கும், எறும்பு நடந்த ஓட்டைகளோடு ஒரு மூலை மட்டும் மிச்சம். லேமினேஷன் போட்டது அப்படியே கிடக்கும். காகிதமெல்லாம் கரைந்து, பிளாஸ்டிக் தோலில் மணமகன் பெயரும் பட்டப்படிப்பும் மட்டும் மின்னும்.

கடைசியாக மிச்சப் பத்திரிகை. 500 அடித்தால் 80 மிஞ்சும். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற புகழூர் ஆலைத் தாளாக இருந்தாலும் சரி, வேறு மேப்லித்தோவாக இருந்தாலும் சரி, பூச்சில்லாத தாளின் பின்பக்கத்தில் பேனா ஓடும். என் தங்கை கல்யாணத்துப் பத்திரிகையில்தான் அம்மா பத்து வருடம் பலசரக்குச் சிட்டை எழுதினாள். உளுந்து இரண்டு கிலோ, நல்லெண்ணெய் ஒன்று, திருப்பினால் தாய்மாமன் பெயர்.

என் கல்யாணத்துக்கு 350 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் லேமினேஷன். அதில் பேனா வழுக்கும், மஞ்சள் நிற்காது, அடுப்பில் போட்டால் புகை நாறும். சமையலறையில் கிரைண்டர் ஒரு பக்கம் ஆடியது. ஒரு காலுக்கு அடியில் இரண்டு பத்திரிகை வைத்தேன், மடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாவுத் தண்ணீர் பட்டுப் பட்டு வருடம் 14 ஆகிறது, ஓரம்கூட உரியவில்லை.