மேல் வரிசைத் தக்காளி

பிள்ளை வளர்ப்பை 1966-இல் மூன்று வகையாகப் பிரித்தார் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட்: அதட்டல், அணைத்துக் கண்டித்தல், அவிழ்த்து விடுதல். 1983-இல் மேக்கபியும் மார்ட்டினும் நான்காவதைச் சேர்த்தார்கள்: கண்டுகொள்ளாமை. பலமனேர் தக்காளி மண்டிப் பக்கம் வந்திருந்தால் ஐந்தாவதும் சிக்கியிருக்கும்: உபதேசம்.

கிரேட்டின் அடியில் நசுங்கல், மேலே பளபளவென்று ஒரு வரிசை. அடுக்கிக்கொண்டே, "எங்கே போனாலும் நேர்மையா இருக்கணும் நைனா" என்று பெங்களூர் மகனுக்குப் போனில் சொல்கிறார் அப்பா. மகன் காதில் விழுந்ததோ என்னவோ. சின்ன வயதில் கிரேட்டுப் பக்கத்திலேயே நின்றவன், கண் நன்றாகத் தெரியும். அவனுடைய பயோடேட்டாவின் முதல் பக்கம் ஜொலிக்கிறது; இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டக் கூடாது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தர்றாங்களோ!" என்கிறார் அப்பா.