கேசிங் மாமா

ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா என்று பேராக்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் வரிசைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சுவரில் வயர் தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கடன்காரன் வாசலில் நின்றால்கூட வாங்க என்று கூப்பிட்டு உட்காரவைப்பார். டிவிக்குப் பின்னால் ஒரு சாண் கறுப்பு வயர் தொங்கினால்தான் குடும்ப மானம் போய்விடும்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெரும்பாலும் தோட்டத்தில் பிறந்தவர். இந்த வியாதி அங்கே பிடித்ததுதான். அப்போதே பேராக்குக்கு மின்சாரம் புதிதல்ல. செண்டரோ அணையில் 1930 வாக்கிலேயே கரண்டு எடுத்து, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிற, 1938இல் கட்டிய ஈயக்கப்பல் கரண்டில் ஓடியதுதான். சேறு வாருகிற கப்பலுக்குக் கரண்டு, பால்மரம் வெட்டுகிறவர் லயத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கு! அப்புறம் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வந்தது. அந்தியில் உறுமத் தொடங்கும். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடிப்பதற்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு ஒரு பல்பு. அதற்கு வருகிற வயர் உத்தரத்தில் சுற்றி, ஒட்டடை சேர்த்து, பல்லிகளுக்கு நடைபாதையாகி, பலகைச் சுவரோரம் தொய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தபடி பாயில் படுத்திருந்த பையன்தான் பிற்காலத்தில் கேசிங் மாமா ஆகிறான்.

அவருடைய பொற்காலம் 1996இல் அஸ்ட்ரோ வந்தபோது தொடங்கியது. ஊரெல்லாம் கூரையில் தட்டு வைத்து, ஜன்னல் இடுக்கு வழியாக வயரை இழுத்துவிட்டுப் படம் பார்த்தது. மாமா மட்டும் மூன்று நாள் படம் பார்க்கவில்லை. சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஹார்ட்வேர் கடையில் அவரைக் கண்டதும் தவுக்கே பெருமூச்சு விடுவார். வயரை மூடி மறைக்கிற பிளாஸ்டிக் கேசிங்கை வெயிலில் தூக்கிப் பிடித்து, “இது பால் வெள்ளை. எங்க சுவர் முட்டை வெள்ளை” என்று மாமா திருப்பிக் கொடுப்பார். “சாமாலா அண்ணே, செமுவா பூத்தே!” என்று தவுக்கே தலையில் கை வைப்பார். எல்லா வெள்ளையும் ஒன்றாகத் தெரிகிற கண் வியாபாரிக்குப் போதும், மாமாவுக்குப் போதாது.

வேலையைச் சும்மா சொல்லக்கூடாது. ரசமட்டம் வைத்துக் கோடு இழுப்பார். ஈரத்துணியால் சுவரைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் கேசிங்கின் ஒட்டுப்பட்டையை உரிப்பார். சுண்ணாம்புப் பொடி உதிர்கிற சுவரில் அப்படியே ஒட்டினால், நடுராத்திரி ‘பட்’டென்று கழன்று விழுந்து வீட்டையே எழுப்பும் என்பது அவருக்குத் தெரியும். மூலைக்கு மூலை 45 டிகிரியில் அறுத்து, அரத்தால் தேய்த்து, நகம் நுழையாதபடி பொருத்துவார். கேசிங் போகாத இடத்தில் கிளிப் ஆணி. கட்டைவிரல் நசுங்காமல் இருக்க ஆணியைச் சீப்பின் பற்களுக்கு நடுவில் செருகிப் பிடித்துக்கொண்டு அடிப்பார். அந்தச் சீப்பு மாமியுடையது. திரும்ப வரும்போது அதில் பற்கள் குறைந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் அவரை மதிக்கிறேன். டிவி வயர், காலிங் பெல் வயர், ஸ்பீக்கர் வயர் என்ற மெல்லிய சாதியோடு அவர் எல்லை முடிந்துவிடும். “240 வோல்ட்டு பக்கம் நான் போகமாட்டேன் தம்பி, அதுக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் வரணும்” என்பார். டிவி வயரையும் கரண்டு வயரையும் ஒரே கேசிங்கில் திணிக்க விடமாட்டார். எக்ஸ்டென்ஷன் வயரைக் கம்பளத்துக்கு அடியில் மறைத்திருந்தால், அது சம்பந்தி வீடாக இருந்தாலும் சத்தம் போடுவார். மிதிபட்டுத் தோல் கிழிந்தால் தீப்பிடிக்கும் என்று அவர் சொல்வதும் உண்மைதான்.

தொல்லை என்னவென்றால், மறைப்பதோடு அவருக்குத் திருப்தி வருவதில்லை. மறைத்ததை நாலு பேர் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு வந்தவர்கள் முறுக்கை எடுக்குமுன், “டிவிக்கு வயர் எங்க வருதுன்னு சொல்லு மச்சான், பாப்போம்” என்று ஆரம்பித்துவிடுவார். மச்சான் விவரம் தெரியாமல் சரியாகக் காட்டிவிட்டால் அன்றைக்கு மாமாவின் முகம் தொங்கிவிடும். தெரிந்தவர்கள் கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்கு இரண்டாவது கிளாஸ் சர்பத் உண்டு.

ஃபைபர் இன்டர்நெட் வந்துதான் அவர் சற்று ஆடிப்போனார். மாட்ட வந்த பையனிடமிருந்து நூல் கனத்தில் இருந்த வயரைப் பிடுங்கி, தம் வழக்கப்படி மூலையில் நறுக்கென்று மடிக்கப் போனார்.

“ஐயோ அங்கிள், அது செம்பு இல்ல, கண்ணாடி! உள்ள வெளிச்சம் ஓடுது. அப்படி மடிச்சா லைன் போயிரும்லா.”

“அப்ப எப்படிப் போவணும்?”

“வளைஞ்சுதான்.”

மாமா வீட்டுச் சுவரில் வளைவா? இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த வளைவின் மேல் மளிகைக்கடை முருகன் காலண்டர் ஏறியது. ஜனவரியில் புதுக் காலண்டர் ஒரு அங்குலம் சிறியதாக வந்ததால், பழையதே இன்னும் தொங்குகிறது. அதில் நாள் பார்த்து விரதம் இருக்காதீர்கள்.

வீட்டில் எந்த வயர் எந்தச் சுவரில் எங்கே போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். படம் மாட்ட நினைத்தால் மாமி, அவர் உட்கார்ந்திருக்கிற கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கே போன் போட வேண்டியிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தால், இந்த வாரமே ஒரு தாளைக் கொடுத்து வரைபடம் வாங்கி, மெயின் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தாள் கோணலாக இருந்தால் கவலை வேண்டாம், ரசமட்டத்தோடு அவரே வந்துவிடுவார்.