மெச்சூரிட்டி வரட்டும்

பணம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார். கையில் இருக்கிறதா என்றால் இல்லை என்பார். எப்போது வரும் என்றால் யோசிக்காமல் தேதி சொல்வார்: பிப்ரவரி 27. அதுவரைக்கும் வீட்டில் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், கடைவாய்ப் பல், சம்பந்தியின் உடம்பு எல்லாம் பிப்ரவரி 27 வரை தாக்குப்பிடித்தாக வேண்டும்.

எஃப்.டி. பெரியப்பாக்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அவர் சித்தப்பாவாக இருக்கலாம், தாய்மாமாவாக இருக்கலாம். மாமனாராக இருந்தால் என் அனுதாபங்கள்.

ரிட்டையரானபோது வந்த பணத்தை அவர் ஒரே இடத்தில் வைக்கமாட்டார். துண்டு துண்டாக்கி, ஏழு வங்கிகளில் போட்டு, ரசீதுகளை ஒரு ரெக்ஸின் பையில் வைத்து, பையை பீரோவில் வைத்து, பீரோச் சாவியைப் பூணூல் இல்லாதவராதலால் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். ரசீதுகள் பத்திரத்துக்குத்தான். தேதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பேரன் பேத்திகளின் பிறந்தநாள் கேட்டால் பெரியம்மாவைப் பார்ப்பார். மார்ச் 14 எந்த வங்கி, ஜூன் 2 எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவர் முன்னால் சொல்லவே கூடாத ஒரு சொல் உண்டு. உடைப்பது. "அவசரம்னா ஒரு எஃப்.டி.யை உடைச்சுக்கலாமே பெரியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். சாமி படத்துக்கு முன்னால் செருப்போடு நிற்பவனைப் பார்க்கிற பார்வை ஒன்று வரும். பிறகு நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்குவார். 444 நாளைக்குப் போட்ட 2 லட்சத்தை 200-ஆவது நாளில் உடைத்தால், 444 நாளைக்குப் பேசின 7.75 கிடைக்காது. 200 நாளைக்கு என்ன வட்டியோ அதுதான், அதிலும் அரையோ ஒன்றோ சதவீதம் அபராதமாகப் போகும். கையில் நிற்பது 6 என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் 1,900 ரூபாய்ச் சொச்சம். இந்த 1,900-க்குக் கீழே இரண்டு கோடு போட்டு, தாளை நம் கையில் கொடுத்துவிடுவார். வைத்துக்கொள், படி, திருந்து என்று அர்த்தம்.

இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பணம், அவர் கணக்கு. ஆனால் ஃப்ரிட்ஜ் பிப்ரவரி 27-க்குக் காத்திருக்காமல் டிசம்பரிலேயே நின்றுபோனது. புதியது 32,000. அன்று சாயங்காலம் பெரியப்பா என் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். விலைவாசி பேசினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு முப்பத்திரண்டு ரூபா கைமாத்தா இருந்தா கொடேன். மெச்சூரிட்டி வந்ததும் தந்துடறேன்" என்றார். ஆயிரம் என்ற சொல்லை அவர் சொல்லமாட்டார். சொன்னால் தொகை பெரிதாகத் தெரியும்.

எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம். 90 சதவீதம் வரைக்கும் வங்கியே தரும், எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதல். இதை நான் எடுத்துச் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? "முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு சதவீதம்னா மாசம் 27 ரூபா. அதை எதுக்கு அவனுக்கு அழணும்? உன் பணம் சேமிப்புக் கணக்குல ரெண்டரை சதவீதத்துக்குத் தூங்கிட்டுத்தானே இருக்கு?"

என் கணக்கின் வட்டி விகிதம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊரில் எல்லோருடைய வட்டி விகிதமும் அவருக்குத் தெரியும்.

இப்படியாக, ஏழு வங்கிகளில் பணம் வைத்திருக்கும் ஒருவருக்கு, மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணுகிற நான் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மட்டுமல்ல. மோட்டாருக்கு என் தம்பி. பல்லுக்கு அவருடைய மருமகன். எங்கள் குடும்பத்தின் சேமிப்பெல்லாம் சேர்ந்து அவருடைய எஃப்.டி. உடையாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதே சமயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொன்ன தேதியில், காலை 11 மணிக்கு, ஒரு ரூபாய் குறையாமல் பணம் வந்துவிடும். வட்டி என்று நாம் பேச்சை எடுத்தால், "உறவுக்குள்ள வட்டி வாங்கினா விளங்குமா?" என்பார். வங்கிக்கும் அவருக்கும் உறவு இல்லையாதலால் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் மெச்சூரிட்டி வந்தால் பணம் வெளியே வந்துவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கடன் அடைக்கிற அளவுக்கு மட்டும் வரும். மீதி அன்றைக்கே மறுபடியும் உள்ளே போய்விடும், ஏனென்றால் வட்டி இறங்கப் போகிறது. வட்டி ஏறும் காலத்திலும் உள்ளேதான் போகும், ஏனென்றால் ஏறியிருக்கிறது. 2025-இல் ரிசர்வ் வங்கி நான்கு தவணையாக ரெப்போவை 6.5-லிருந்து 5.25-க்குக் கொண்டுவந்தது. நாடு முழுக்க வீட்டுக் கடன்காரர்கள் மகிழ்ந்தார்கள். பெரியப்பா ஒவ்வொரு முறையும் டி.வி.யை அணைத்துவிட்டுத் தலைக்குக் குளித்தார்.

இவருக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்து 24, 36 என்று வட்டி கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது வங்கிகளே 12, 13 கொடுத்தன. அது பலருக்குப் போதவில்லை. பெரியப்பா ஒரு கம்பெனியில் போட்டார். ஏசி வைத்த வரவேற்பறை, சந்தனம், கல்கண்டு. முதல் வருடம் மாதா மாதம் செக் வந்தது. பிறகு ஒருநாள் கம்பெனி வாசலில் பூட்டும் தெருவில் கூட்டமும். 1997-இல் முதலீட்டாளர்கள் நலனுக்காகத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பெரியப்பாவுக்கு வந்தது ஒரு வழக்கு எண். அந்த எண்ணும் ரெக்ஸின் பையில் இருக்கிறது. எல்லா ரசீதுகளுக்கும் மேலே. அதைப் பார்த்த நாளில் 32,000-ஐ அவரிடம் திருப்பிக் கேட்கிற எண்ணமே எனக்கு இல்லாமல் போனது. மறுநாள் வந்துவிட்டது, அது வேறு.

அன்றிலிருந்து வங்கி மட்டும்தான். வங்கியையும் முழுக்க நம்பமாட்டார். சென்னையில் ஆர்பத்நாட் வங்கி 1906-இல் விழுந்ததையும், அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததையும் தானே வரிசையில் நின்றவர்போலச் சொல்வார். நம் பக்கத்துக் கரூரில் 1926-இல் தொடங்கின லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் 25,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்ததே, அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அங்கே அவருக்கு ஒரு பைசா கிடையாது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம், அவ்வளவுதான். பத்து நாளில் அந்த வங்கியை டி.பி.எஸ்.ஸோடு இணைத்து, டெபாசிட் எல்லாம் பத்திரம் என்று ஆனபோது லேசாக ஏமாந்துகூடப் போனார்.

வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு. 2020 பிப்ரவரி 4-ஆம் தேதிக்கு முன்னால் அது வெறும் 1 லட்சம். அசலும் வட்டியும் சேர்ந்துதான் அந்த 5 லட்சம் என்பது பலருக்குத் தெரியாது; பெரியப்பாவுக்குத் தெரியும். ஆகவே எங்கேயும் 5 லட்சம் போடமாட்டார். 4,55,000 போடுவார். 7.75 வட்டியில் 444 நாள் கழித்து அது 4,99,500-ஐ ஒட்டி வந்து, எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தக் கணக்கை அவர் சொல்லும்போது அவர் கண்ணில் தெரிகிற சந்தோஷத்தை அவர் மகன் எம்.இ. பாஸானபோதுகூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கூட்டுக் கணக்கில் பெயர்களின் வரிசையை மாற்றிப் போட்டால் அதற்குத் தனியாக 5 லட்சம் காப்பீடு. எனவே ஒரு வங்கியில் அவர் பெயர் முதலில், பெரியம்மா பெயர் இரண்டாவதாக. அதே வங்கியில் இன்னொரு எஃப்.டி., பெரியம்மா முதலில், இவர் இரண்டாவதாக. வீட்டுப் பத்திரத்திலோ, ரேஷன் கார்டிலோ, கல்யாணப் பத்திரிகையிலோ எங்கேயும் முதலில் வராத பெரியம்மாவின் பெயர், காப்பீட்டின் புண்ணியத்தில் ஒரு தாளில் முதலில் வந்தது.

நாமினி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேரை, இத்தனை இத்தனை சதவீதம் என்று பிரித்து நியமிக்கலாம். சட்டம் போட்டவர்கள் வேறெதையோ நினைத்துப் போட்டிருப்பார்கள். பெரியப்பா வீட்டில் அது ஒழுக்க மதிப்பெண் பட்டியல் ஆகிவிட்டது. பொங்கலுக்கு வராத மகனுக்கு 5 குறைந்தது. பழனிக்குக் காரில் அழைத்துப்போன மருமகனுக்கு 5 ஏறியது. கடன் கொடுக்கிற எனக்கு இதுவரை ஒன்றும் ஏறவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பெரியம்மாவின் கண் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. போன வருடம் மழைக்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பா, "மெச்சூரிட்டி வரட்டும்" என்றார். முன்காலத்தில் டாக்டர்களே புரை முற்றட்டும் என்பார்கள். இப்போது அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார்கள். பெரியப்பாவுக்கு முன்காலத்து வைத்தியம் வசதியாக இருந்தது. நான் பணம் தருகிறேன் என்றேன். பெரியம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஃப்ரிட்ஜுக்கு வாங்கலாம், என் கண்ணுக்கு நான் கடன் வாங்கமாட்டேன் என்று பெரியப்பா காதுபடவே சொன்னார். அரிசியில் கல் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்குவார். ஏழு வங்கிகளில் பணம் இருக்கிற வீடு. ரசீதுகளில் எல்லாம் அவர் பெயரும் இருக்கிறது. பூ வாங்க இருபது ரூபாய் வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பெரியப்பா கெட்டவர் இல்லை என்று எத்தனை முறை சொல்வது? சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது. ஒருமுறை ஏமாந்தவரின் பயத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வருடம்தான் தவணை கட்டுவது?

பிப்ரவரி 27 வந்தது. வெள்ளிக்கிழமை. காரை நான்தான் ஓட்டினேன். அது பெரியம்மா முதலில் இருக்கிற எஃப்.டி. என்பதால் அவரையும் அழைத்துப் போக வேண்டியிருந்தது. பெரியப்பா புதுப்பிக்கிற படிவத்தை முந்தின நாள் ராத்திரியே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

கவுண்ட்டரில் இருந்த பெண் ரசீதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "புதுப்பிக்கணுமாம்மா, இல்ல கணக்குல வரவு வைக்கட்டுமா?"

"வரவு வைம்மா" என்றார் பெரியம்மா.

பெரியப்பா படிவத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்து மரியாதையாகவே சொன்னாள். "நடுவுல உடைக்கணும்னாதான் சார் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். மெச்சூரிட்டிக்கு ஒருத்தர் போட்டாப் போதும். இது ஈதர் ஆர் சர்வைவர்."

அவருக்குத் தெரியாததா? அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

பெரியம்மா பெருக்கல் குறி இல்லாத தாளில், கண்ணுக்கு மிக அருகில் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் கண் ஆஸ்பத்திரிக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, மீதி 4 லட்சத்தைத் தன் ஒருத்தி பேரில் புதிதாகப் போடச் சொன்னார்.

பெரியப்பாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "வட்டி எவ்வளவுன்னு கேட்டியா?"

"கேட்டேன். உங்களுக்குச் சொன்னதுதான் எனக்கும்."

அந்தப் பெண் புதுப் படிவத்தைப் புரட்டினாள். "நாமினி யாரும்மா போடணும்? சார் பேரே போட்டுடவா?"

"நாலு பேர் வரைக்கும் போடலாமாமே" என்றார் பெரியம்மா. "இப்ப விட்டுடு. யோசிச்சுச் சொல்றேன்."