தலைதட்டி நாலு கரண்டி

"டப்பா பாலா?" என்றார் சம்பந்தி அம்மாள். நேற்று சாயங்காலம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே. பேத்திக்கு நான் டாஸ்மாக்கிலிருந்து வாங்கிவந்து ஊற்றுவதுபோல ஒரு பார்வை வேறு.

டாக்டர் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஏன் என்பது டாக்டருக்கும் என் மகளுக்கும் தெரியும்; வேறு ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குழந்தை பார்க்கப் போன வீட்டில் அதைக் கேட்காமல் நம்மில் யாராவது காபி குடித்திருக்கிறோமா? "என்ன இருந்தாலும் தாய்ப்பால் மாதிரி வருமா?" என்று ஒரு பெருமூச்சு. அம்மா தாயே, அதை டப்பாவிலேயே போட்டிருக்கிறான்! 1992-இல் சட்டம் கொண்டுவந்து, தாய்ப்பாலே சிறந்தது என்று கம்பெனிக்காரன் கையாலேயே அச்சடிக்க வைத்துவிட்டார்கள். விளம்பரம் கூடாது. டப்பாமேல் குழந்தை படம் கூடாது, தாய் படம் கூடாது. இதற்கு மேல் சொந்தக்காரர்களும் நேரில் வந்து அறிவிக்க வேண்டுமா? 2003-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்களே, அப்போதே சம்பந்திகளையும் அதில் சேர்த்திருக்கலாம்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது டப்பாவின் விலையைப் பற்றி. அதற்குமுன் இந்தக் கரண்டிச் சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன்.

எங்கள் டப்பாவின் கணக்கு, 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. ஆக 120 மில்லிக்கு நாலு. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்கிவிடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடரில் கிருமி இருந்தால் அந்தச் சூட்டில்தான் சாகுமாம். பிறகு பாட்டிலைக் குழாயடியில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பவுடர் கூடினால் குழந்தைக்கு வயிற்றுக் கஷ்டம், குறைந்தால் பசி.

நான் ரிட்டயர்டு கேஷியர். கட்டுக் கட்டாக நோட்டு எண்ணியவனுக்கு நாலு வரை எண்ண வராதா? வரும். ஆனால் கேஷ் கவுன்ட்டருக்குக் கம்பிக் கதவு இருந்தது. சமையலறைக்கு இல்லை.

ஒன்று போட்டேன். "ஏங்க, சிலிண்டர் என்னிக்கு புக் பண்ணினீங்க?" என்றாள் மனைவி. "இருபத்திரண்டு" என்றேன். போட்டது ஒன்றா, இரண்டா? கொட்டினேன். பவுடர் மட்டுமா போகிறது? பக்குவமாக ஆறியிருந்த தண்ணீரும் போகிறது. மறுபடி அடுப்பு. ஒன்று, இரண்டு. வாசலில் டெலிவரிப் பையன். மாப்பிள்ளை ஹாலிலிருந்து ஓ.டி.பி.யை உரக்கப் படிக்கிறார்: "ஏழு, ஒன்பது, மூணு, நாலு." அந்த நாலு அவருடையதா, என்னுடையதா? மறுபடி அடுப்பு. விரல் விடலாமென்றால் ஒரு கையில் பாட்டில், மறு கையில் கரண்டி. நாலு தீக்குச்சியை மேடையில் அடுக்கி, கரண்டிக்கு ஒன்றாக நகர்த்தினேன். மனைவி வந்து, "இங்கேயா இருக்கு?" என்று அதில் ஒன்றை எடுத்து விளக்கேற்றப் போய்விட்டாள். சரி, சத்தமாகவே எண்ணுவோமென்று "மூணு" என்றேன். "ஐயோ, எனக்கு ரெண்டு இட்லி போதும்" என்றார் சம்பந்தி அம்மாள்.

அதற்குள் பேத்தி வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டாள். "தள்ளுங்க. பச்சைக் குழந்தைக்குப் போய் யாராவது தலைதட்டி அளப்பாங்களா?" என்று சம்பந்தி அம்மாளே கரண்டியைப் பிடுங்கிக் கோபுரமாக அள்ளினார். கத்தி முதுகால் நான் தட்டிவிட்டேன். மளிகைக்கடைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இத்தனைக்கும் பிறகு மகாராணி குடித்தது பாதி. மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது; கலக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். "கொட்டுவானேன்? உறை ஊத்திடலாமே?" என்றார் சம்பந்தி அம்மாள். டப்பா வாங்கிய ரசீதை நினைத்தபோது எனக்கே ஒரு கணம் சபலம் தட்டியது.

விலை என்றேனே, இன்றுவரை கருத்தோடு வந்தவர்களில் ஒருவர்கூடக் கையில் ஒரு டப்பாவோடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அம்மாளின் அக்கா வருகிறாராம். அவருக்கு எத்தனை இட்லி என்று இப்போதே போனில் கேட்டு வைத்துக்கொள்ளப் போகிறேன்.