எலிக்காய்ச்சல் போன பின் சிவந்த கண்

கேள்வி: உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நாள்பட்ட நோய்களுக்குப் பாக்டீரியா காரணமாகுமா?

பதில்: சிலவற்றுக்கு ஆகும். மதுரையிலேயே அதற்குத் தடயம் உண்டு. 1993 இறுதியில் இங்கே பெருவெள்ளம். 1994-இல் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, கூசி, பார்வை மங்கியவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தார்கள். நோயின் பெயர் யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் ஏற்படும் அழற்சி. பின்னணியில் இருந்தது எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா. எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து, வெறுங்காலில் உள்ள சிராய்ப்பு வழியே அது உடலுக்குள் புகும். நாற்று நடுபவருக்கு அந்த நீரைத் தவிர்க்க வழியேது?

மருத்துவர் எஸ்.ஆர். ரத்தினம் குழுவினர் இதை 1997-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். மறு ஆண்டு வெளியான ஆய்வில், நோயாளிகளின் கண்நீர்மத்தில் அந்தக் கிருமியின் டி.என்.ஏ. கண்டறியப்பட்டது. அருமையான துப்பறிதல் அது!

காய்ச்சல் தணிந்து மாதங்கள் கழித்தும் கண் ஏன் சிவக்கிறது? குதிரைகள் விடை தருகின்றன. அவற்றுக்கும் இந்தக் கிருமியால் கண் அழற்சி திரும்பத் திரும்ப வரும். கிருமியின் சில புரதங்கள் விழிலென்ஸ், விழித்திரைப் புரதங்களின் சாயலில் இருப்பதால், திருடனைத் தேடும் காவலர் அதே ஜாடையுள்ள வீட்டுக்காரரைப் பிடிப்பதுபோல எதிர்ப்பாற்றல் கண்ணையே தாக்குகிறது. மனிதருக்கும் இத்தகைய எதிர்வினையில் பங்கிருக்கலாம். அதனால்தான் அழற்சியை அடக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து தேவைப்படுகிறது. உரிய காலத்தில் வந்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தரும் தொண்டைப்புண்ணுக்குப் பின் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலும் இதே வகை. குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போடுவது, தொற்று மீண்டும் வராமல் தடுக்கத்தான்.