மிதிவண்டி டைனமோவுக்குக் கம்பி இழுத்தல்: சில ஆய்வுச் சிக்கல்கள்

பாயிரவியல்

மிதிவண்டி டைனமோ என்பது ஓடும் டயரின் பக்கவாட்டில் உரசித் தலை சுழலும் கருவி. தலையோடு உள்ளிருக்கும் காந்தமும் சுழல, அதைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருளில் மாறுதிசை மின்சாரம் பிறக்கும். புட்டி வடிவினது. பொதுவான அளவு 6 வோல்ட், 3 வாட். இதில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்னால் எரியும் டேஞ்சர் லைட்டுக்கு 0.6 வாட் என்பது பங்கீடு. இவ்வளவையும் ஒரே பத்தியில் சொல்லிவிட முடிவதுதான் இப்பொருளால் ஆய்வுலகுக்கு நேரும் முதல் இடையூறு.

இடையூற்றை நீக்க வரலாறு உதவும். 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். 1923இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மிதிவண்டி விளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1936இல் இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே டைனமோவை அடக்கியது. இம்மூன்று ஆண்டுகளையும் அறியாதவர் கம்பி இழுக்கத் தகுதியற்றவர் என்பது ஆய்வாளர் துணிபு. அறியாமலே இழுத்து விளக்கையும் எரிய வைப்பது சைக்கிள் கடைக்காரர் வழக்கம். டைனமோ கடல்கொண்ட தென்னிலத்தில் தோன்றியது என்று நிறுவும் முயற்சி மட்டும் இன்னும் கைகூடவில்லை. ஈரம் பட்டால் அதன் தலை வழுக்கும் என்ற சிறு தடை குறுக்கே நிற்கிறது.

உறுப்பியல்

உறுப்புகள் ஐந்து: டைனமோ, கிளாம்ப், முன்விளக்கு, டேஞ்சர் லைட், கம்பி. பல்பு விளக்கில் அடங்கும்.

இடவியல்

டைனமோவை முன் ஃபோர்க்கில் பொருத்துவோர் முன்சக்கர மரபினர். பின்சக்கரத்தை ஒட்டிய குழாயில் பொருத்துவோர் பின்சக்கர மரபினர். முன்னவர்க்குக் கம்பி மிச்சம். பின்னவர் சாதகம் குற்றவியலில் விளங்கும். எங்கே பொருத்தினும் டைனமோவின் நடுக்கோடு சக்கரத்தின் மையத்தை நேராக நோக்க வேண்டும். சாய்ந்தால் டயரை அரிக்கும். இதில் இரு மரபினரும் உடன்படுவதால் மேலே ஆராய ஒன்றுமில்லை.

கம்பியியல்

மின்சாரம் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் வேண்டும். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே கம்பிதான் போகிறது. திரும்பும் வழி மிதிவண்டியின் இரும்பு உடம்பே. கிளாம்பில் உள்ள கூர்முனை ஸ்குரு பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொட்டால் சுற்று நிறைவுறும்; தொடாவிட்டால் நிறைவுறாது. விளக்கு இரண்டாயின் கம்பியும் இரண்டு. ஒவ்வொன்றும் டைனமோவின் முனையிலிருந்து தனித்தனியே புறப்பட வேண்டும். ஒரு விளக்கின் வழியாகவே மற்றொன்றுக்கு இழுத்தால் இரண்டும் ஒழுங்காக எரியா.

இனி இத்துறையின் தலையாய சிக்கல். பின்சக்கரத்து டைனமோவிலிருந்து முன்விளக்குக்குப் போகும் கம்பியை வண்டியின் குழாயில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

ஐந்து என்பர் ஒரு சாரார். ஏழு என்பர் பிறிதொரு சாரார். எண் எதுவாயினும் மொய்ப்பணம் போல ஒற்றைப்படையில் முடிய வேண்டும் என்பது இருவர்க்கும் பொது. இரட்டைப்படையிலும் விளக்கு எரிவதைக் கண்ணால் கண்டதாக ஒருவர் உரைத்தார். காட்சி மட்டும் சான்றாகாது, மேற்கோள் வேண்டும் என்று அவர் கூற்று மறுக்கப்பட்டது. மறுத்தவர் தம் மறுப்புக்கு மேற்கோளாகத் தம்முடைய முந்தைய மறுப்பைக் காட்டினார். முந்தைய மறுப்போ, பின்னர் வெளிவரவிருக்கும் விரிவான மறுப்பைக் காண்க என்ற ஒரே வரியால் ஆனது.

ஏழு சுற்றுக் கொள்கையினர் நம்பியிருக்கும் முதன்மைச் சான்று ஒரு கல்வெட்டு. கல் என்பது வாடகை சைக்கிள் கடையொன்றின் செங்கல் சுவர். வெட்டு என்பது கரிக்கட்டிக் கிறுக்கல். அதில் ‘௭’ என்ற வடிவம் தெளிவாகத் தெரிகிறது. தமிழெண் ஏழுக்கும் ‘எ’ என்ற எழுத்துக்கும் வடிவம் ஏறத்தாழ ஒன்றே. எனவே அது சுற்றின் எண்ணிக்கை அன்று, வாடகை பாக்கி வைத்தவர் பெயரின் முதலெழுத்து என்றனர் ஐந்து சுற்றுக் கொள்கையினர். நேரில் பார்த்து முடிவுசெய்ய இரு சாராரும் சென்றபோது சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதன்பின் ஆய்வு தடையின்றி வளர்ந்தது. சுண்ணாம்பின் கனம், அடித்தவரின் உள்நோக்கம், அடிக்கப்படாமல் விடப்பட்ட மூலை ஆகியவை பற்றி மூன்று தனி நூல்கள் தோன்றின. மூன்றுக்கும் அணிந்துரை வழங்கியவர் ஒருவரே. மூன்றிலும் அணிந்துரை ஒன்றே.

சுற்று வலமாகச் செல்ல வேண்டுமா, இடமாகவா என்பது துணைச்சிக்கல். வலம் என்பார், எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதைச் சொல்லவில்லை. வண்டியின் முன்னே நிற்பவர்க்கு வலமாக ஏறும் சுற்று பின்னே நிற்பவர்க்கு இடமாகும் என்று ஒரு மாணவர் எழுந்து சுட்டினார். அவருக்கு நெறியாளர் மாற்றப்பட்டார்.

சுற்றினால் மின்சாரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கம்பி தொங்கிச் செயினிலோ பெடலிலோ சிக்காமல் இருக்கவே சுற்றுகிறார்கள். நீளம் மிஞ்சினால் கூடுதலாக ஒரு சுற்று, பற்றாவிட்டால் ஒன்று குறைவு. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடாதபடி முன்கழுத்தருகே கொஞ்சம் தொய்வு விடவேண்டும். விடாவிட்டால் திருப்பத் திருப்ப உள்ளே கம்பி அறும், மேலுறை மட்டும் முழுதாய் இருக்கும். சுற்று பற்றிய நூல்கள் எதிலும் தொய்வு பற்றிக் குறிப்பில்லை.

குற்றவியல்

நன்னூல் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தது. ஆதலின் டைனமோவுக்கும் பத்தே கொள்க.

ஒன்று, கிளாம்பு ஸ்குருவின் அடியில் பெயின்ட் அல்லது துரு. இரண்டு, கம்பி முனை கழன்று ஆடுதல். மூன்று, மழையில் தலை வழுக்குதல். நான்கு, ஹேண்டில்பாரின் கழுத்திலுள்ள பால்ரஸ் குண்டுகளில் கிரீஸ் மண்டுதல். உடம்பு வழியே திரும்ப வேண்டிய மின்சாரம் அங்கே தடைப்பட்டு முன்விளக்கு கண் சிமிட்டும். ஐந்து, பிளாஸ்டிக் மட்கார்டில் டேஞ்சர் லைட்டை மாட்டுதல். பிளாஸ்டிக் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பாது. ஆறு, பல்பு போதல். ஒன்று போனால் அதன் பங்கு மின்சாரமும் மற்றதன்மேல் ஏறும். இறக்கத்தில் வேகம் பிடித்தால் அதுவும் உடன்கட்டை ஏறும். ஏழு முதல் பத்து வரையிலானவை எண் நிறைவு கருதி வந்தவை.

இவற்றுள் அடங்காத குற்றம் ஒன்று உண்டு. அது சட்டத்தின்பாற்பட்டது. இரவில் விளக்கில்லாத மிதிவண்டியைக் காவலர் நிறுத்திச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவிய வழக்கு. டைனமோ விளக்கோ வண்டி ஓடும்வரைதான் எரியும். காவலர் நிறுத்தினால் வண்டி நிற்கும்; வண்டி நின்றால் விளக்கு அணையும்; விளக்கு அணைந்தால் நிறுத்தியது சரியாகும். இவ்வாறு குற்றத்தை விசாரணையே உண்டாக்குவதற்கு அளவை நூலார் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பின்சக்கர மரபினர் வண்டியை ஸ்டாண்டு போட்டுப் பெடலைக் கையால் சுற்றி விளக்கை எரியவைத்துக் காட்டுவர். முன்சக்கர மரபினர் ஒரு கையால் முன்பக்கத்தைத் தூக்கி, மறுகையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். கேரியரில் மளிகை மூட்டை இருந்தால் வாதம் தோற்கும். இரு மரபுகளின் பூசலைத் தீர்த்தவர் காவலரே.

முடிபு

விளக்கு எரியவில்லையெனில் முதலில் பார்க்க வேண்டியது கிளாம்பு ஸ்குருவின் அடி. அங்கே பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, ஸ்குருவை இறுக்கினால் பெரும்பாலான விளக்குகள் எரிந்துவிடும். இதற்கு ஒரு பழைய பிளேடு போதும். வெளிச்சம் வேண்டுவோர் பெயின்ட்டைச் சுரண்டுக. பட்டம் வேண்டுவோர் சுற்றுகளை எண்ணுக.