சாவி ஒன்று, பூட்டு மூன்று

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலம் போகும்போது மஞ்சவாடி கணவாயில் என் யமஹா ஆர்எக்ஸ் 100-இன் சாவி எங்கோ விழுந்துவிட்டது. வண்டி பாட்டுக்கு சேலம் போய்ச் சேர்ந்தது. ஆச்சரியமா, ஆபத்தா?

பதில்: போகும்போது ஆச்சரியம், நிறுத்தும்போது ஆபத்து. ஸ்விட்சுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகள் தேய்ந்துவிட்டால் 'ஆன்' நிலையிலேயே சாவி வழுக்கி வெளியே வந்துவிடும். வளையத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி, முருகன் வேல் எல்லாம் தொங்கினால் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் கொத்து ஒரு ஆட்டம் ஆடும், தேய்வது ஸ்விட்ச். வண்டிச் சாவியைத் தனியாக வையுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

சாவி இல்லாமல் நிறுத்த வேண்டிய நிலை வந்தால், மேல் கியர் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளட்சை விடுங்கள். இஞ்சின் திணறி அணைந்துவிடும்.

கேள்வி: அதே ஆர்எக்ஸ்தான் என்னிடமும். சரியான ஸ்விட்ச் கிடைக்கவில்லை என்று மெக்கானிக் ஒரு பழைய புல்லட் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். இப்போது சாவியை 'ஆஃப்' செய்தாலும் வண்டி நிற்பதில்லை. பேய் பிடித்துவிட்டதா?

பதில்: பேயாக இருந்தால் வேப்பிலையோடு போயிருக்கும். இது வயரிங், இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

திறந்து மூடிப் பொறி எழுப்பும் பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் தீப்பொறிக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. சாவியைத் திருப்பினால் காயிலுக்குக் கரன்ட் போகும். 'ஆஃப்' செய்தால் அறுந்துவிடும். ஆர்எக்ஸ் 100 நேர்மாறு. அதன் தீப்பொறிக்குப் பேட்டரி தயவு தேவையில்லை, மேக்னட்டே, பொறியை எழுப்பும் சிடிஐ பெட்டிக்குக் கரன்ட் கொடுத்துவிடும். அதில் ஸ்விட்சின் வேலை கரன்ட் கொடுப்பதல்ல, கெடுப்பது. 'ஆஃப்' செய்யும்போது கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரை பாடி எர்த்தோடு இணைத்து, பொறியைச் சாகடிக்கும். புல்லட் ஸ்விட்சுக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே உங்கள் வண்டி நிற்பதில்லை.

நிற்காதது கூடப் பரவாயில்லை. யாராவது அந்தக் கோடு போட்ட வயரை பேட்டரி பக்கம் மாட்டிவிட்டால் சிடிஐயே போய்விடும். யமஹாவில் பேட்டரி வயர் சிவப்பு, சாவி போட்டபின் கரன்ட் வருவது பழுப்பு. இந்த மூன்று நிறத்தை நினைவில் வைத்தால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம். மீதிப் பாதிக்கு ஒரு மல்டிமீட்டர். பழைய ஸ்விட்சைக் கழற்றுமுன் மொபைலில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்தில் எத்தனை கை பட்டு எந்த வயர் எந்த நிறமாக மாறியிருக்கிறதோ!

கேள்வி: புல்லட்டுக்குப் புது ஸ்விட்ச் போட்டேன். சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தால் ஸ்விட்ச் சரி. அசையவே இல்லை என்றால் ஸ்விட்சையோ பாயின்ட்டையோ சந்தேகப்படுங்கள். சோதனை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே விட்டுவிட்டு டீக்குப் போனால், திரும்பி வரும்போது காயில் டீயைவிடச் சூடாக இருக்கும்.

கேள்வி: ஸ்விட்சுக்கு ஒரு சாவி, டேங்க் மூடிக்கு ஒரு சாவி, ஹேண்டில் லாக்குக்கு ஒரு சாவி. கொத்தை இடுப்பில் செருகினால் 'மாமியார் மாதிரி இருக்கிறீர்கள்' என்கிறாள் மனைவி. எல்லாவற்றையும் ஒரே சாவிக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: எந்த மாமியார் என்று கேட்டீர்களா?

ஸ்பேர் கடையில் 'லாக் செட்' என்று கேட்டால் எல்லாப் பூட்டும் ஒரே சாவியோடு ஒரே பெட்டியில் வரும். சுலபம். ஆனால் என் ஓட்டு பழைய பூட்டுகளுக்கே. நாற்பது வருடம் தாங்கிய பித்தளையைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு, மழைக்கே மங்கும் புது முலாம் மாட்டுவானேன்?

பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் மூன்றையும் கொடுத்து, தேய்மானம் குறைந்த ஒரு சாவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர் பூட்டின் உருளையை வெளியே எடுத்து அந்தச் சாவியை நுழைப்பார். சரியான இடத்தில் இருக்கும் தகடுகள் உருளையோடு மட்டமாகப் படுத்துவிடும். பொருந்தாதவை விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தியதை எடுத்து இடம் மாற்றுவார், அல்லது வேறு தகடு போடுவார். ஒவ்வொரு தகட்டுக்கும் கீழே கடுகளவு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது தெறித்துவிட்டால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும், அவருக்கு மேலே ஃபேன் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மூன்று பூட்டிலும் சாவி நுழையும் வாய் ஒரே வடிவமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. 'நாலு தகட்டைக் கழற்றிவிட்டேன், இனி லேசாகத் திறக்கும்' என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேசாகத் திறக்கும், எல்லோருக்கும்.

கேள்வி: டூப்ளிகேட் சாவி போட்டேன். பத்து தடவை ஆட்டினால்தான் திரும்புகிறது.

பதில்: தேய்ந்த சாவியைக் கொடுத்திருப்பீர்கள். மெஷின் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கும். சாவியிலோ பூட்டிலோ எண் பொறித்திருந்தால் அதைச் சொல்லிப் புதிதாக வெட்டுங்கள். இல்லையென்றால் பூட்டையே கழற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: தலைக்கு விடுங்கள். பூட்டுக்குள் விட்டால் பாப்பிரெட்டிப்பட்டி புழுதி முழுக்க அங்கே குடியேறிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி உள்ளே விடுங்கள், போதும்.

கேள்வி: பழைய ஜாவாவை ஆணியால் கூட ஸ்டார்ட் செய்யலாமாமே?

பதில்: சாவியே ஆணி ஜாடைதான். ஹெட்லைட்டில் இருக்கும் ஓட்டையில் அழுத்தினால் கரன்ட் வந்துவிடும். 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா ஆரம்பித்த காலத்தில் ஊருக்கு ஒரு வண்டி, எடுத்துப் போனால் எங்கே போவான் என்று விட்டிருப்பார்கள். இன்று ஜாவா வைத்திருப்பவர் சங்கிலியும் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: என் 1988 ஆர்எக்ஸை வின்டேஜ் என்று பதிவு செய்து கௌரவப்படுத்தலாமா?

பதில்: 2038 வரை கௌரவத்தைத் தள்ளிப்போடுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். அதற்குள் வண்டியைப் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. எண்ணில் 'விஏ' என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஆனால் ஒன்று, அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் அரூர் சந்தைக்குப் போய்வர முடியாது. அதுவரை எல்லோரையும் போல 15 வருடத்துக்குப் பின் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸ் படியேறிப் புதுப்பியுங்கள்.

கேள்வி: சாவி போடப் போனால் ஆர்சி புத்தகத்தைக் காட்டு என்கிறார் கடைக்காரர். என்னைப் பார்த்தால் திருடன் மாதிரி இருக்கிறதா?

பதில்: பைக் திருட்டுப் படமான 'பொல்லாதவன்' பார்த்த ஊரில் இன்னும் ஆர்சி கேட்கும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவரை விடாதீர்கள். கேட்காமல் உங்களுக்குப் போட்டுத் தருகிறவர், உங்கள் வண்டிக்கே இன்னொருவருக்கும் போட்டுத் தருவார். பூட்டு மாற்றிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் கேட்கும்போது எல்லாச் சாவியையும் கொண்டுவா என்பார்கள். அப்போது பழைய சாவி ஒன்று, புதுச் சாவி ஒன்று என்று ஜோடி சேராமல் நீட்டினால், பில்தான் உங்களுக்காகப் பேசும்.